கண்ணாடிக்குப் பின்னால் கட்டின கூடு

பெப்ரவரி 3

கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். ஒரு இலை நடந்தது.

காற்று என்று நினைத்தேன். கதவு சாத்தித்தான் இருந்தது. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தால் இலைக்குக் கால் இருக்கிறது. நரம்பு, பச்சை, ஓரத்தில் அரித்த மாதிரி பழுப்பு, எல்லாம் அச்சாக இலைதான். ஆயுசு முழுக்கத் தேயிலைக் கொழுந்து பறித்த கை இது, இப்படி ஒன்றைத் தொட்டதில்லை. கத்திவிட்டேன்.

மருமகள் ரஜிதா ஓடிவந்தாள். பயப்படவில்லை. ஃபோனில் படம் பிடித்தாள். "இலைப்பூச்சி மாமி. ஒண்ணும் செய்யாது. கொய்யா மரத்துலேர்ந்து வந்திருக்கும்." கையில் ஏந்திப் போய்க் கொய்யாக் கிளையில் விட்டாள். பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைத் தூங்கப் போடுகிற பக்குவத்தோடு விட்டாள். அங்கேதான் அவளுக்கு வேலை. அம்மாக்கள் மலைக்குக் கொழுந்து எடுக்கப் போனபின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது. ஊர்ப் பிள்ளையெல்லாம் அவள் மடியில். எட்டு வருஷமாக எங்கள் வீட்டில் மட்டும் தொட்டில் கட்டவில்லை.

கீரையை மறுபடி முதலிலிருந்து ஆய்ந்தேன்.

பெப்ரவரி 5

சீனி டின்னில் எறும்பு. மூடியை இறுக்கி மூடாதது யார் என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

பெப்ரவரி 9

ரஜிதா தலை சீவுகிற கண்ணாடிக்குப் பின்னால் ஒரு குளவி மண் கொண்டுவந்து அப்புகிறது. போகிறது, வருகிறது, போகிறது, வருகிறது. ஒரு உருண்டை வைத்துவிட்டுச் சுவரோடு முனகுகிறது. விரல் நீளத்துக்குக் கூடு வந்துவிட்டது.

வீட்டுக்குள் குளவி மண்கூடு கட்டினால் எங்களுக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான். அந்த வீட்டில் ஒருத்தி உண்டாகியிருக்கிறாள். மகன் சிவகரன் என் வயிற்றில் வந்தபோது பழைய லயத்து வரிசை வீட்டில் எங்கள் கூரைக் கம்பில் கட்டியது. எனக்கே அப்போது தெரியாது. மாமியார்தான் அண்ணாந்து பார்த்துவிட்டு என் கையிலிருந்த விறகை வாங்கினார்.

ரஜிதா விளக்குமாற்றை எடுத்தாள்.

"எடு கையை!" என்றேன்.

"மண்ணு கொட்டுது மாமி. இப்பத்தான் கூட்டினேன்."

"கொட்டட்டும். அது பாட்டுக்குக் கட்டட்டும். அந்தப் பக்கம் போகாத."

அவளும் லயத்தில் பிறந்த பிள்ளைதானே. அர்த்தம் தெரியும். கூட்டையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு விளக்குமாற்றைக் கீழே வைத்துவிட்டாள். இல்லை என்று சொல்லவில்லை. வெட்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

பெப்ரவரி 11

தைப்பூசம். கோயிலில் வழக்கத்துக்கு மேல் ஒரு தேங்காய் உடைத்தேன். பக்கத்துக் காம்பரா வீட்டு நாகரத்தினம் விடவில்லை. "ஏன் மீனாக்கா ரெண்டு?" என்று இடித்து இடித்துக் கேட்டாள். என் அரிவாள்மணையை இரவல் வாங்கிப் பல் உடைத்துத் தந்தவள். அதை நான் மறக்கவில்லை. ஆனால் சந்தோஷம் வந்தால் ஒரு மனுஷியிடம் சொல்லாமல் எப்படி?

அவளிடம் மட்டும்தான் சொன்னேன். அதுவும் காதோடு. குளவி கட்டியிருக்கிறது என்று மட்டும்தான். வேறொன்றும் சொல்லவில்லை.

பெப்ரவரி 14

யாரோ கொடுத்த பப்பாசிப் பழத்தை மாட்டுக்குப் போட்டேன். நெத்தலியைப் பூண்டு போட்டு வதக்கினேன். புளி தூக்கலாக ஒரு மீன் குழம்பு வைத்தேன். ரஜிதாவுக்குப் பெரிய துண்டாகப் போட்டேன்.

"என்ன மாமி, திடீர்னு எனக்கு ராஜ மரியாத?"

"சும்மா தின்னு."

தண்ணீர் வாளியையும் அவள் கையிலிருந்து வாங்கினேன். "எனக்கு என்ன சீக்கா? குடுங்க இங்க" என்று பிடுங்கினாள். நான் விடவில்லை. இரண்டு பேரும் ஒரு வாளியை இழுத்துக்கொண்டு நின்றோம். பாதித் தண்ணீர் என் காலில். அவள் சிரித்துவிட்டாள்.

இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து என்னைப் பார்த்து அப்படி வாய்விட்டுச் சிரித்ததாக நினைவில்லை. என் நினைவு தப்பாது.

பெப்ரவரி 20

எப்படி எழுதுவது.

பின்னேரம் ரஜிதா மா பிசைந்து ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். மிட்வைஃப் மிஸ் பையோடு வந்தது. சிங்களத்துப் பிள்ளை, தமிழ் நன்றாகப் பேசும், யார் மனசையும் நோகடிக்காது. உட்கார்ந்ததும் கேட்டது: "ஏன் ரஜிதா, நீங்க வந்து சொல்லல்ல? எத்தன மாசம்? கிளினிக் வரணும் தானே."

"எதுக்கு மிஸ்?"

மிஸ்ஸின் முகம் மாறிவிட்டது. என்னைப் பார்த்தது. "இல்ல... பீலியில எல்லாரும் சொன்னாங்க. பிள்ளைக் காம்பராவிலயும் அம்மாமார் சொன்னாங்க. உங்க மாமியே சொன்னாங்களாம்."

பீலி என்றால் லயம் முழுவதும் தண்ணீர் பிடிக்கிற இடம். அங்கே ஒரு பேச்சு விழுந்தால் மேல் மலை வரைக்கும் போய்விடும்.

"அப்படி ஒண்ணும் இல்ல மிஸ்" என்றாள். கையைக் கழுவிவிட்டு வந்து மிஸ்ஸுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். சீனி போதுமா என்று கேட்டாள். மிஸ் போகும்போது அவள் தோளைத் தொட்டுவிட்டுப் போனது.

கல்லில் கிடந்த ரொட்டி கரியாகிவிட்டது. அதைச் சுரண்டித் தன் தட்டிலேயே போட்டுக்கொண்டாள். சண்டை பிடித்திருந்தால் எனக்குப் பதில் சொல்லத் தெரியும். அவள் அந்தக் கருகின ரொட்டியைத் தின்று முடிக்கிறவரை நான் எதிரே உட்கார்ந்திருந்தேன்.

பெப்ரவரி 21

காலையில் பையைத் தூக்கிக்கொண்டு இறம்பொடைக்கு, அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். "மா பிசைஞ்சு மூடி வச்சிருக்கேன்" என்று மட்டும் சொன்னாள்.

பெப்ரவரி 23

சிவகரன் வந்தான். நுவரெலியாவில் ஹோட்டல் குசினியில் சமையல் வேலை, லீவு நாளில்தான் வீட்டுக்கு வருவான். காலிலிருந்த சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை.

"என்னம்மா செஞ்சு வச்சிருக்கீங்க?"

"நான் என்னடா செஞ்சேன்? குளவி கட்டிச்சு. ஒலகத்துல இல்லாததயா சொன்னேன்?"

"குளவிக்கு வேற எடம் கெடைக்கல, கட்டிச்சு. உங்களுக்கு வேற பேச்சுக் கெடைக்கலயா?" என்றவன், குரலை இறக்கி, "உக்காருங்கம்மா" என்றான்.

அவன் உட்காரச் சொன்னால் நல்லதுக்கில்லை. அவன் அப்பா அழகையா போன சேதியையும் அப்படித்தான் சொன்னான்.

"நாங்க ரெண்டு பேரும் டாக்டர்கிட்டக் காட்டினோம். ரெண்டு வருஷம் ஆகுது. அவகிட்ட ஒரு குறையும் இல்ல. குறை எனக்குத்தான்."

எந்த டாக்டர், அவனுக்கு என்ன தெரியும் என்று கேட்டேன். மூன்று டாக்டர் என்றான். ஏன்டா பெத்தவகிட்ட மறைச்சே என்று கேட்டேன்.

"நான் சொல்றேன்னுதான் சொன்னேன். அவதான் விடல. 'சொன்னா மாமி உங்கள ஒரு மாதிரிப் பாப்பாங்க. என்னையே பாக்கட்டும், எனக்குப் பழகிப் போச்சு'ன்னா."

பழகிப் போச்சாம். நான் அப்படி என்ன பார்த்தேன்? யாரும் கேட்காததையா கேட்டேன்? ஒரு வார்த்தை முகத்துக்கு நேரே சொன்னேனா?

சொன்னேன். முந்தின தீபாவளிக்கு முறுக்கு பிழியும்போது. அவள் நீலச் சேலை கட்டியிருந்தாள், கையில் எள்ளு ஒட்டியிருந்தது. என்ன சொன்னேன் என்று இங்கே எழுத மாட்டேன்.

என்னிடம் முதலிலேயே சொல்லியிருந்தால் வாயை மூடிக்கொண்டிருப்பேன். இருந்திருப்பேனா?

பெப்ரவரி 26

பீலியில் ஒருத்தி கேட்கிறாள்: "மருமக தாய் வீட்டுக்குப் போயாச்சா? மொதப் புள்ளன்னா அங்கதானே. ஆனா இவ்வளவு வெள்ளனவா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லடி. அவ உண்டாகல. சும்மா போயிருக்கா" என்றேன். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். தீர்ந்தது என்று வந்தேன்.

மார்ச் 1

தீரவில்லை.

நாகரத்தினம் சட்டியோடு வருகிறாள். மிளகும் பூண்டும் அரைத்துக் கருவாடு போட்ட பத்தியக் குழம்பு. "பாவம் மீனாக்கா. கலைஞ்சு போன ஒடம்பு தேறணும். இறம்பொடைக்குக் குடுத்து விடுங்க. எதுக்கு எங்ககிட்ட மறைக்கிறீங்க?"

"எதுடி கலைஞ்சது?"

"நீங்கதானே பீலியில சொன்னீங்க, இப்ப உண்டாகலன்னு."

இல்லை என்று சொன்னேன். சத்தியம் பண்ணினேன். சத்தியம் பண்ணப் பண்ண அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். அவள் போனபின் இன்னொருத்தி அவித்த முட்டை கொண்டுவந்தாள். எட்டு வருஷமாக இந்த வாசல் பக்கம் வராதவள்கூட நல்லெண்ணெய்ப் போத்தலோடு வந்து நிற்கிறாள்.

நான் சொல்கிற உண்மையெல்லாம் அடுத்த காம்பராவுக்குப் போகும்போது வேறொன்றாகிவிடுகிறது. இன்னும் ஒரே ஒரு உண்மைதான் மிச்சம். அது என் பிள்ளையுடையது. அதை நான் சொல்வேனா?

குழம்பை நான்தான் சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது. அதுவும் எரிச்சல்.

மார்ச் 4

லக்சனாவுக்கு ஏழு மாதக் கைக்குழந்தை, பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டுத்தான் மலைக்குப் போகிறாள். அவள் இன்று பீலியில் துணி அலசிக்கொண்டே சொல்கிறாள்: "ரஜிதா டீச்சரு திரும்பி வந்தா எம்புள்ளய எங்கம்மாகிட்ட விட்டுருவேன். வயிறு எரிஞ்சவ கண்ணு பச்சப் புள்ளைக்கு ஆகாது."

வாளியை அப்படியே விட்டுவிட்டுத் திரும்பினேன். "ஏன்டி, உம்புள்ள காய்ச்சல்ல தூக்கித் தூக்கிப் போட்டப்ப தோள்ல போட்டுக்கிட்டு மழையில ஆஸ்பத்திரிக்கு ஓடினது யாரு? ஒங்கம்மாவா?"

அவள் கோபப்படவில்லை. "எனக்குத் தெரியாதா பாட்டி. டீச்சர நான் என்ன சொன்னேன்? குளவின்னு ஆரம்பிச்சது நீங்கதானே."

வாளி நிறைவதற்கு முன்னாலேயே தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

சிவகரனுக்கு ஃபோன் போட்டேன். அவள் எப்போது வருவாள் என்று கேட்டேன். "எந்த மூஞ்சியோட அந்தப் புள்ளைங்களத் தூக்குறதுன்னு கேக்குறாம்மா" என்றான். "வேலைய விட்டுர்றேங்குறா. அங்கேயே இருந்துர்றேங்குறா." அப்புறம் குசினியில் யாரோ அவனைக் கூப்பிட்டார்கள்.

மார்ச் 9

இறம்பொடைக்குப் போனேன். இரண்டு பஸ் மாறி.

ரஜிதாவின் அம்மா சரோஜாதேவி. கல்யாணப் பந்தியில் என் ரசத்தை ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "உங்க மலைக் குளிருக்குப் புளியும் கரையாது போல" என்று சபை சிரிக்கச் சொன்னவள். அன்றிலிருந்து அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிப்பதில்லை என்று இருந்தேன். கல்யாணம், கருமாதி எது வந்தாலும் வாசலோடு திரும்பிவிடுவேன்.

"வாங்க சம்மந்தி. வழி மறந்து போச்சோன்னு நெனச்சேன்."

"வழி மறக்கல. வர மனசில்ல."

"இப்ப எப்படி மனசு வந்துச்சாம்?"

"பஸ் வந்துச்சு, ஏறினேன்."

ரஜிதா குசினியில் இருந்தாள். எட்டிப் பார்த்துவிட்டுத் தேங்காய் துருவப் போய்விட்டாள். சோறு, பருப்பு, கருவாட்டுப் பொரியல். ரசத்தை சரோஜாதேவி வேண்டுமென்றே கடைசியில் கொண்டுவந்து ஊற்றினாள். சாப்பிட்டேன். பசி. வேறு காரணமில்லை. எப்படி இருக்கிறது என்று கேட்டாள். "புளி கரைஞ்சிருக்கு" என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை.

சிரித்து முடித்துவிட்டுச் சொன்னாள்: "எம்மகள உங்க லயத்துல என்னென்ன பேரு சொல்லிக் கூப்பிட்டாங்கன்னு எனக்குத் தெரியும் சம்மந்தி. உங்க மகன் பேரச் சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் ஆகாது. வாய் அரிச்சிச்சு. ரெண்டு வருஷமா எங்க லயத்துல ஒரு குஞ்சுக்குத் தெரியாது. அவ சத்தியம் வாங்கியிருந்தா."

இத்தனை வருஷம் இவளுக்காக ஒவ்வொரு வார்த்தையாகச் சேர்த்து வைத்திருந்தேன். ஒன்றும் உதவவில்லை. இலையை மடித்தேன்.

பஸ்ஸுக்கு ரஜிதாதான் வந்து நின்றாள். தூறல். குடையை என் பக்கமே சாய்த்துப் பிடித்திருந்தாள்.

"கோவமாம்மா?" என்று கேட்டேன்.

"கோவம் இல்ல மாமி. களைச்சுப் போச்சு." பிறகு தானாகவே சொன்னாள்: "அன்னைக்கு அந்தக் கூட்டப் பாத்தப்ப எனக்கும் ஒரு நிமிஷம் தோணிச்சு. டாக்டருங்க சொன்னது தப்பா இருக்குமோன்னு. அதான் விளக்குமாத்தக் கீழ வச்சேன். அப்புறம் நீங்க வாளியப் புடுங்கினீங்க, பெரிய துண்டாப் போட்டீங்க. எனக்குப் புரிஞ்சிருச்சு. ஆனா சொல்ல மனசு வரல. நல்லா இருந்துச்சு மாமி. ரெண்டு மூணு நாள் நல்லா இருந்துச்சு."

பஸ் வந்துவிட்டது. வாடி என்று கையைப் பிடித்து இழுக்கவும் முடியவில்லை. மன்னித்துக்கொள் என்கிற வார்த்தையை நான் யாரிடமும் சொல்லிப் பழக்கமில்லை. குடையை அவளிடமே விட்டுவிட்டு ஏறினேன். அது அவள் குடைதான்.

மார்ச் 10

கூட்டில் ஓட்டை விழுந்திருக்கிறது. உள்ளே இருந்தது பறந்து போயிருக்கிறது. மண்ணைப் பெயர்த்து வெளியே போட்டேன். சுவரில் தடம் அப்படியே நிற்கிறது, ஈரத்துணியால் தேய்த்தும் போகவில்லை.

மார்ச் 16

சிவகரன் லீவில் வந்தவன் வாளியை எடுத்துக்கொண்டு பீலிக்குப் போனான். ஆம்பிளைகள் போகாத நேரம். எல்லோரும் இருந்தார்கள். நாகரத்தினம், லக்சனா, மேல் லயத்துப் பெண்டுகள்.

"என்ன சிவா, பொண்டாட்டி இல்லன்னா இந்த நெலமையா?" என்று யாரோ கேட்டது எங்கள் வாசல் வரை கேட்டது. சிரிப்பும் கேட்டது.

அவன் வாளியைப் பீலிக்குக் கீழே வைத்தான். நிமிர்ந்தான். ஹோட்டலில் வெள்ளைக்காரனிடம் பேசுகிற மாதிரி மரியாதையாகப் பேசினான்.

"அக்காமாரே, ஒரு விசயம். ரஜிதா உண்டாகவும் இல்ல, கலையவும் இல்ல. அவகிட்ட ஒரு குறையும் இல்ல. எனக்குத்தான். டாக்டருங்க சொல்லிட்டாங்க. இனிமே பேசறதா இருந்தா என்னப் பேசுங்க."

டேய் வேணாம்டா என்று கத்த வாயெடுத்தேன். ஊருக்கெல்லாம் திறந்த வாய் அப்போது திறக்கவில்லை. வாசற்படியில் உட்கார்ந்தபடி என் பிள்ளை தன்னைத்தானே சந்தியில் நிறுத்துவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாளி நிறைந்து வழிந்தது. ஒருத்தியும் நகர்த்தவில்லை. பிறகு லக்சனாதான் குனிந்து வாளியை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்து தேங்காய் துருவினான். மாசிக் கருவாடு இடித்தான். சம்பல் செய்து ரொட்டியும் சுட்டான். என் மகனுக்கு இதெல்லாம் தெரியும் என்று தெரியும், இந்த வீட்டில் செய்து பார்த்ததில்லை. தேசிக்காய்ப் புளி விடுவதற்கு முன் ஒரு துளி சீனி போட்டான். அது அவள் பழக்கம்.

இரண்டு தட்டு வைத்தான். சாப்பிட்டோம்.

மார்ச் 19

கொழுந்து நிறுக்கிற இடத்தில் ஆம்பிளைகள் பேசிச் சிரித்தார்களாம். "ஹோட்டல்காரனுக்கு அடுப்புப் பத்த வைக்க மட்டும்தான் தெரியும்" என்று. நாகரத்தினம்தான் வந்து சொன்னாள். சொல்லிவிட்டு, "எனக்கு மொதல்லயே ஒரு சந்தேகம் மீனாக்கா" என்றாள்.

சொன்னவன் பெயரையும் கேட்டு வைத்துக்கொண்டேன். போய்ச் சண்டை பிடிக்கலாம். பிடித்தால் நாளைக்கு அதுவும் ஒரு கதையாகும். கதவைச் சாத்திக்கொண்டேன்.

மார்ச் 23

ரஜிதா வந்துவிட்டாள். அவன்தான் போய்க் கூட்டிவந்தான். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நேரே குசினிக்குப் போய்ச் சட்டிகளைத் திறந்து பார்த்தாள். "உப்பு டின்னு எங்க மாமி?" என்று கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன்.

மார்ச் 24

பிள்ளைக் காம்பராவுக்குப் போனாள். லக்சனாவின் குழந்தை வரவில்லையாம்.

மார்ச் 27

வந்ததாம். அவள் சொல்லவில்லை. சேலைத் தோளில் பால் கக்கின கறை இருந்தது. அந்தக் குழந்தைதான் இந்த லயத்தில் அப்படிக் கக்கும்.

மார்ச் 30

மீன் குழம்பு வைத்தேன். நடுத்துண்டை அவளுக்குப் போட்டேன். அதை எடுத்துத் திரும்பச் சட்டியில் போட்டுவிட்டுச் சின்னத் துண்டை எடுத்துக்கொண்டாள். "எப்பவும் போல போடுங்க மாமி" என்றாள். குரலில் ஒன்றுமில்லை. கேட்டதற்குப் பதில் சொல்கிறாள், தேத்தண்ணி தருகிறாள், மருந்து குடித்தேனா என்று விசாரிக்கிறாள். சிரிப்பதில்லை. நான் கேட்டு வாங்கக்கூடிய சாமானா அது?

ஏப்ரல் 9

நேற்றுப் பின்னேரம் மா அளந்துகொண்டே சொன்னாள்: "நாளைக்கு நானும் அவரும் கண்டிக்குப் போறோம் மாமி. எதுக்குன்னு கேக்காதீங்க."

கேட்கவில்லை. "எத்தன பேருக்குக் கட்டணும்?" என்று மட்டும் கேட்டேன்.

"ரெண்டு பேருக்கு."

காலையில் ரொட்டி சுட்டு, சம்பலைத் தனியாக இலையில் மடித்து, முட்டை அவித்து வைத்தேன். எடுத்துப் பையில் வைத்தாள். "வரப் பொழுதாயிரும். பாத்துக்கிட்டு இருக்காம சாப்பிட்டுருங்க" என்றாள். லீவில் வந்திருந்த சிவகரன் என் முகத்தைப் பார்க்காமல் சப்பாத்துக் கயிறு கட்டினான். இருவரும் கீழே ரோட்டுக்கு இறங்கிப் போனார்கள்.

தலை மறைந்ததும் நாகரத்தினம் வந்துவிட்டாள்.

"எங்க மீனாக்கா, ஜோடியாக் கெளம்பிட்டாங்க?"

"டவுனுக்கு. மரக்கறி வாங்க."

"வீட்டுக்குப் பின்னால அம்புட்டு லீக்ஸ் நிக்குது, டவுன்ல போயி மரக்கறியா? புதுச் சேல வேற கட்டியிருக்கா."

"எனக்கு என்னடி தெரியும்" என்று உள்ளே வந்துவிட்டேன்.

மத்தியானத்துக்குள் தீப்பெட்டி கேட்டு ஒரு தடவை, அரிவாள்மணை கேட்டு ஒரு தடவை வந்தாள். இரண்டையும் கொடுத்தேன். கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து கத்தியால் லீக்ஸ் நறுக்கினேன்.